பெட்டியின் மேலட்டை

பத்மநாதன் கையுறை போட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். வெள்ளைப் பருத்திக் கையுறை. மேசையில் கறுப்புத் துணி, ஒரு விளக்கு, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், கம்பியில் தலைகீழாகத் தொங்கும் கைபேசி. லண்டனில், எட்மண்டனில் இருந்த அவர் வீட்டின் பின்னறையில் வேறொன்றும் இல்லை. இதைப் பார்க்கக் கனடாவில், ஸ்காபரோவிலும் அதைச் சுற்றியும், நாலாயிரம் தமிழர்கள் காத்திருந்தார்கள்.

எல்லாரும் பேஸ்போல் அட்டை சேர்ப்பவர்கள். ஒவ்வொரு மாசி மாதமும் புதிய பருவத்தின் அட்டைகள் வரும். முன்பக்கம் ஆட்டக்காரனின் படம். பின்பக்கம் அவன் அடித்தது, விட்டது. பைக்கற்றைப் பிரிக்கும்வரை உள்ளே யார் இருக்கிறான் என்று தெரியாது. அந்தத் தெரியாமைக்காக வேலைக்குப் போகும் மனிதர்கள் காசைக் கொட்டினார்கள். பத்மநாதன் அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டுவார். மற்றவர்கள் பெட்டி பிரிப்பதைப் பார்க்கச் சனம் போனது. இவரிடம் திட்டுக் கேட்க வந்தது.

பேஸ்போல் அவருக்கு ஹொலண்டில் ஒட்டியது. அகதியாக ஹார்லெமில் இறங்கிய முதல் மூன்று வருடம் ஒரு பேஸ்போல் மைதானத்தில் கதிரை துடைத்தார். துடைத்துக்கொண்டே பார்த்தார். பிறகு அச்சகத்தில் வேலை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டன் வந்தபோது இங்கேயும் அச்சகம். மருந்துப் பெட்டிகள் அச்சடிக்கும் இடம். பதினெட்டு வருடம் தரம் பார்த்தார். ஒரு எழுத்து மங்கினாலும் முழு அடுக்கையும் குப்பைக்கு அனுப்பச் சொல்லும் வேலை. சொன்னால் அனுப்பினார்கள். அச்சகம் மூடி நாலு வருடமாகிறது. குப்பைக்கு அனுப்பும் ஆசை மூடவில்லை.

அவருக்கு ஒரு விதி இருந்தது. மேலே சுற்றிய பிளாஸ்ரிக் சீல் உடையாத பெட்டி. உடைப்பதிலிருந்து கடைசி அட்டைவரை வெட்டாத ஒரே வீடியோ. கனடாவில், பிரம்டனில் ஒருவன், ரஜனி என்று பெயர், முதலே பிரித்த பெட்டியைப் புதிதுபோலக் காட்டினான். பத்மநாதன் அவனைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ரஜனி அந்த மாதமே கடையைக் கட்டினான்.

இந்த வருடம் அட்டைகள் புதன்கிழமை வந்தன. லண்டன் ரொறன்ரோவுக்கு ஐந்து மணித்தியாலம் முந்தியது. அங்கே கடை திறக்குமுன் இங்கே பத்மநாதன் திட்டி முடித்துவிடுவார். அவர் எப்போதும் முதலாவதாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

பெட்டியைக் கொண்டுவந்தவன் ரதீசன், மனைவி மாலினியின் தம்பி. எட்மண்டனிலேயே போர் ஸ்ட்ரீட் என்ற தெருவில் மரக்கறியும் கைபேசி உறையும் விற்கிறவன். இந்த வருடம் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலுமாரி ஒன்று வைத்து பேஸ்போல் அட்டையும் விற்கத் தொடங்கியிருந்தான்.

பத்மநாதன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"சீல் எங்க?"

"நான் கழட்டினனான் அத்தான்."

"ஏன்?"

"விலை ஸ்டிக்கர் ஒட்டத்தான். உள்ள பைக்கற் ஒண்டும் பிரிக்கேல்லை. எண்ணிப் பாருங்கோ."

"மரக்கறிக் கடைக்காரன் எண்டதைக் காட்டிப்போட்டாய். வேற பெட்டி கொண்டா."

"கடை பத்துக்குத் திறக்கோணும். இப்ப ஒன்பதே முக்கால். நான் போய் வர உங்களுக்கு எந்த நேரமாகும்?"

பத்மநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். மான்செஸ்டரில் ஒரு வெள்ளைக்காரன் பத்து மணிக்குப் பிரிப்பான் என்று அவருக்குத் தெரியும். பைக்கற்றுகளை எண்ணினார். இருபத்துநாலு. எல்லாம் ஒட்டியபடி இருந்தன.

"போ," என்றார்.

கைபேசியை இயக்கினார். "சீல் உடைச்சாச்சு. தொடங்குவம்," என்றார். உடைத்தது யார் என்று சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

அன்று நன்றாகவே திட்டினார்.

"இவரைப் பாருங்கோ. வாய் பிளந்து நிக்கிறார். போன வருசமும் இதே படம். ஒரு வருசம் காணாதோ வாயை மூட? காட் அடிக்கிற பிரெஸ்லோ கம்பனிக்காரர் புதுப்படம் எடுக்க ஆள் அனுப்பேல்லை. பழசை இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்கிறாங்கள். இடக்கையால அடிக்கிறவர் இப்ப வலக்கை.

"பின்பக்கம். சாம்பல் தாளில சாம்பல் எழுத்து. என்ன அடிச்சான் எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. லென்ஸால பாத்தன். பந்தை வெளிய அடிச்சது வருசம் முழுக்க ரெண்டே ரெண்டு ஹோம் ரன். மறைச்சது நல்ல காரியம்.

"இது நீல விளிம்பு. இது அதே ஆள், பச்சை விளிம்பு. இது அதே ஆள், ஊதா. ஒரு மூஞ்சைக்குப் பத்தொன்பது நிறமாம். பெயின்ற் கடையில இந்த நிறப் புத்தகத்தைச் சும்மா தருவாங்கள்.

"இது துணி வைச்ச காட். நடுவில ஓட்டை வெட்டி, ஆட்டக்காரன்ரை சேட்டாம், ஒரு துண்டு. பின்னால என்ன எழுதியிருக்கு? 'இந்தத் துணி எந்தவொரு ஆட்டத்தோடும் சம்பந்தப்பட்டதல்ல.' அப்ப எதோட சம்பந்தம்? எங்கட மேசை துடைக்கிற துணிக்கே இதைவிடச் சரித்திரம் இருக்கு.

"கையெழுத்து. ஸ்டிக்கரில போட்டு அனுப்பியிருக்கிறான். ஆரோ ஒட்டியிருக்கிறாங்கள். இவன் இந்தக் காட்டைக் கண்ணால காணேல்லை. தாலியைத் தபாலில அனுப்பின மாதிரி."

கடைசியாக மேலட்டையை எடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் பைக்கற்றுகளின் மேல் தனியாக ஒரு பெரிய தடித்த அட்டை கிடக்கும். அதற்கு உறை எதுவும் இருக்காது. இந்தப் பெட்டியில் டெவன் மர்லோ. இந்த வருடம் புதிதாக வந்த பந்து எறிபவன். வெள்ளை உடுப்பில், கையை உயர்த்தி, ஒரு காலில் நின்றான். இடது தோளிலிருந்து முழங்கால்வரை ஏழு மஞ்சள் புள்ளிகள் சிதறியிருந்தன.

பத்மநாதனுக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கியது. முகத்தில் காட்டவில்லை.

"வாங்கோ," என்றார் புள்ளிகளைப் பார்த்து. "உங்களைத்தான் தேடினனான். பதினெட்டு வருசம் தேடினனான். மஞ்சள் மை. ரோலரைக் கழுவாமல் மிசினை ஓட்டியிருக்கிறாங்கள். மை தெறிச்சிருக்கு. தெறிக்கும், மிசின் எண்டால் தெறிக்கும். அதைப் பாக்கத்தான் ஒரு ஆளை வைச்சிருக்கிறது. அந்த ஆளுக்கு அந்த நேரம் கையில சான்ட்விச். பத்துக்கு ஒரு மார்க். அந்த ஒண்டும் தாளுக்கு. தாளைச் செய்தது வேற கம்பனி."

கையுறையைக் கழற்றினார். ஐம்பத்திரண்டு நிமிடம். லண்டன் நேரம் பத்தே முக்கால்.

பிறகு நடந்தது அவருக்கு வெறுப்பைத் தந்தது. அட்டை சேர்ப்பவர்களுக்கு நல்ல அச்சைவிடப் பிழையான அச்சில் ஆசை அதிகம். பிழை அரிது. அரிதென்றால் விலை. வியாழன் மாலைக்குள் மர்லோவின் அட்டைக்கு 'ஏழு புள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாலாயிரம் பேர் முப்பதாயிரம் பேரானார்கள். மார்க்கம் என்ற இடத்தில் ஒரு பல் டொக்டர் அந்த அட்டையைத் தரும்படி மூன்று தரம் எழுதினார். குப்பை என்று சொல்லித்தான் பத்மநாதன் காட்டினார். அந்தக் குப்பையை வாங்க வரிசையில் நின்றார்கள். பிரெஸ்லோ கம்பனி விசாரித்துப் பார்ப்பதாக அறிவித்தது. அந்த அறிவித்தலிலும் ஒரு காற்புள்ளி பிழை.

லைவ் நிகழ்ச்சிகளில் பார்ப்பவர்களின் கேள்விகளை வாசித்துச் சொல்பவள் துஷ்யா. ஸ்காபரோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சிரித்தாள்.

"அங்கிள், நீங்க ஃபேமஸ். சனிக்கிழமை லைவ் வைப்பம். எல்லாரும் கேக்கினம், வேற ஏழு புள்ளி இருக்கா எண்டு."

"மூடர்கள்."

"அதையும் லைவில சொல்லுங்கோ. அதுக்குத்தான் வருவினம்."

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு வீட்டு மணி அடித்தது. லண்டனின் தெற்கே குரோய்டனிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் ஜெனோஜா. ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். டெவன் மர்லோ. தோளிலிருந்து முழங்கால்வரை மஞ்சள் புள்ளிகள். எட்டு.

"எங்க வாங்கினீர் பிள்ளை?"

"போர் ஸ்ட்ரீட்டில. உங்கட மச்சான்ரை கடையில. நேற்று."

"எவ்வளவுக்கு?"

சொன்னாள். மாலினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் ஒறிஜினல் எண்டு சொன்னால் காணும் அங்கிள்," என்றாள் ஜெனோஜா. "வேற ஆர் சொன்னாலும் சனம் நம்பாது. உங்களைத்தான் நம்பும்."

பத்மநாதன் கையுறையைப் போட்டார். லென்ஸ் வைக்கத் தேவையிருக்கவில்லை. புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. ஒரே தூரம். தெறிக்கும் மைக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது. அட்டையை விளக்கின் கீழே சாய்த்தார். அச்சான பிறகு அட்டைக்கு மேல் பளபளப்பாக ஒரு வாணிஷ் பூசுவார்கள். மை அதற்குக் கீழே இருக்கும். இந்தப் புள்ளிகள் வாணிஷுக்கு மேலே காய்ந்து, ஓரத்தில் வெடித்திருந்தன. அச்சகத்தை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ போட்டது.

"ரெண்டு மணித்தியாலம் பொறும்," என்றார். "மூண்டு மணி லைவில சொல்லுறன். மாலினி, பிள்ளைக்குத் தேத்தண்ணி குடு."

பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தன் அட்டையை எடுத்தார். ஏழு புள்ளி. விளக்கின் கீழே சாய்த்தார்.

இவையும் வாணிஷுக்கு மேலேதான் இருந்தன.

நேராக வைத்தார். திரும்பவும் சாய்த்தார். புதன்கிழமை இதைச் செய்ய ஐந்து விநாடி போதுமாயிருந்திருக்கும். அச்சகத்தில் முதல் நாள் வேலைக்கு வரும் பெடியனுக்குக் கூடச் சொல்லிக்கொடுப்பார், முதலில் சாய்த்துப் பார் என்று. புதன்கிழமை அவர் சாய்க்கவில்லை. திட்டுவதற்கு வசனம் வந்துகொண்டிருந்தது.

279 பஸ்ஸில் ஏறி போர் ஸ்ட்ரீட்டுக்குப் போனார். ரதீசன் கல்லாவில் நின்றான். கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை பத்மநாதன் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை காட்டுக்குத் தெளிச்சனி?"

"என்னத்தை அத்தான்?"

"பேய்க்காட்டாதை. அந்தக் குரோய்டன் பிள்ளை வீட்டில இருக்கு."

ரதீசன் வாசலைப் பார்த்தான். "மூண்டு. ஒண்டுதான் வித்தது."

"எதால தெளிச்சனி?"

"பல்லு விளக்கிற பிரஷ்."

"தெரியுது. கோலம் போட்ட மாதிரிக் கிடக்கு. களவு செய்தாலும் வடிவாச் செய்யத் தெரியாது உனக்கு. என்ன மை?"

"மை இல்லை. மஞ்சள் தூள். தண்ணியில கரைச்சனான்."

பத்மநாதன் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். பிறகு, "முதலாவது?" என்றார். "எனக்குத் தந்தது. அதையும் நீதானோ?"

"ஐயோ, அது நான் இல்லை. சத்தியமா," என்றான் ரதீசன். "அது ஐயர்."

"எந்த ஐயர்?"

"புது வியாபாரமெல்லே, செவ்வாய்க்கிழமை கடையில பூசை வைச்சனான். நீங்கள் வரமாட்டியள் எண்டு சொல்லேல்லை. பெட்டி எல்லாத்தையும் அடுக்கி வைச்சன். ஐயர் கேட்டார், உள்ளுக்கு என்ன சாமான் எண்டு. படம் எண்டன். சாமானைக் காட்டோணும் தம்பி, பிளாஸ்ரிக்குக்கே பூசை எண்டார். ஒரு பெட்டியைத் திறந்து பிடிச்சன். மாவிலையால மஞ்சள் தண்ணி தெளிச்சார். மேல கிடந்த காட்டில பட்டுப்போச்சு. ராசியான பெட்டி எண்டுதான் உங்களுக்குக் கொண்டுவந்தனான்."

"விலை ஸ்டிக்கர் ஒட்டக் கழட்டினது எண்டாய்."

"பூசை எண்டால் பேசுவியள்."

பத்மநாதன் திட்டத்தான் செய்திருப்பார். ஹார்லெமிலும் சரி லண்டனிலும் சரி, புதுக் கார் வாங்கியவன் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய பிறகே ஓட்டினான். அவர் அதையெல்லாம் பார்த்துச் சிரித்தவர். இப்போது ஒரு மாவிலை அவரை முப்பதாயிரம் பேருக்கு முன்னால் நிறுத்தியிருந்தது.

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் வீடியோவில மை எண்டு சொல்லிப்போட்டியள். ரோலர் எண்டியள், சான்ட்விச் எண்டியள். நான் இடையில வந்து மஞ்சள் தண்ணி எண்டால் ஆருக்கு மரியாதை போகும்? உங்களுக்காகத்தான் வாயை மூடினனான்."

"மூடின வாயோட பிரஷ்ஷும் எடுத்தனி."

"அது பேந்து." ரதீசன் கல்லாவிலிருந்து வெளியே வந்தான். குரலைத் தாழ்த்தினான். "அத்தான், இஞ்ச பாருங்கோ. வழி இருக்கு. அந்தப் பிள்ளையின்ரை போலி எண்டு சொல்லுங்கோ. என்னையும் திட்டுங்கோ, நல்லாத் திட்டுங்கோ, நான் தாங்குவன். அந்தப் பிள்ளையின்ரை காசை இப்பவே திருப்பிக் குடுக்கிறன். உங்கட காட் அசல். போலியைப் பிடிச்ச ஆள் எண்டு உங்களுக்கு இன்னும் பேர். ஆருக்கு நட்டம்?"

பத்மநாதன் அவனைப் பார்த்தார். மரக்கறிக் கடைக்காரன் யோசித்த வழி ஓட்டை இல்லாமல் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அதோட," என்றான் ரதீசன், "நீங்கள் உள்ளதைச் சொன்னால் சீல் கதையும் வரும். பிரம்டன் ரஜனியை என்ன செய்தனியள் எண்டு சனத்துக்கு ஞாபகம் இருக்கு."

"காசைத் தா," என்றார் பத்மநாதன். "அந்தப் பிள்ளையின்ரை."

பஸ்ஸில் வரும்போது மேல்தட்டில் முன்னுக்கு இருந்தார். திட்டும்போது வரும் வசனம் ஒன்றும் வரவில்லை.

மூன்று மணிக்குப் பின்னறையில் விளக்கு எரிந்தது. ஜெனோஜா அவருக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். காசு ஒரு உறையில் அவள் மடியில் இருந்தது. ஏன் என்று அவளுக்கு இன்னும் முழுக்க விளங்கவில்லை. மாலினி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் வழக்கமாக இந்த அறைக்கு வருவதில்லை.

"எண்ணாயிரம் பேர் நிக்கினம் அங்கிள்," என்றாள் துஷ்யா கைபேசிக்குள் இருந்து. "ரெண்டாவது ஏழு புள்ளி வந்திருக்காம்?"

"இதில எட்டு," என்றார் பத்மநாதன். "பிழை விடுறதிலயும் கணக்குத் தெரியாது."

அட்டையைக் காட்டினார். சாய்த்தார். வாணிஷ் எது, புள்ளி எது என்று காட்டினார். "இது மை இல்லை. இது மஞ்சள் தூள். பல்லு விளக்கிற பிரஷ்ஷால தெளிச்சது. தெளிச்சவர் என்ரை மச்சான். அவரைப் பற்றிச் சொல்ல ஒரு மணித்தியாலம் வேணும். அது பேந்து. மாலினி, சுண்ணாம்பு இருக்கோ?"

மாலினி சிறிய போத்தலைக் கொண்டுவந்தாள். அவர் நெருப்புக்குச்சி நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு முதல் புள்ளியில் வைத்தார். புள்ளி சிவந்தது.

"ஆலாத்தி!" என்று கத்தினாள் துஷ்யா. "அங்கிள், இது ஆலாத்தித் தண்ணி!"

"ஓம். உங்கட அம்மாமாருக்கு இது தெரியும். மை சிவக்காது. மஞ்சள் சுண்ணாம்போட சேர்ந்தால் சிவக்கும்."

கைதட்டும் படங்கள் திரை நிறைய ஏறின. துஷ்யா வாசித்தாள். லண்டனில் ஒரு சிங்கம் என்று ஒருவன். இவரைக் கம்பனிக்காரன் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஒருவன். மார்க்கம் பல் டொக்டர் அசல் அட்டைக்குத் தன் விலையைக் கூட்டியிருந்தார். ஜெனோஜா உறையைத் திறந்து காசைப் பார்த்துவிட்டு மூடினாள். பெருமூச்சு விட்டாள்.

ஒருவரும் வேறு எதுவும் கேட்கவில்லை. நிகழ்ச்சியை இத்தோடு முடிக்கலாம். துஷ்யா முடிக்கத்தான் தொடங்கினாள்.

"நில்லும் பிள்ளை," என்றார் பத்மநாதன்.

தன் அட்டையை உறையிலிருந்து எடுத்தார். கறுப்புத் துணியின் நடுவில் வைத்தார். நெருப்புக்குச்சியைத் திரும்பச் சுண்ணாம்பில் தொட்டார்.

"அங்கிள், என்ன செய்யிறீங்க? அது அசல்! அங்கிள்!"

தோளில் இருந்த புள்ளி சிவந்தது. அடுத்ததும் சிவந்தது. அவர் அவசரப்படவில்லை. ஏழையும் தொட்டார். ஏழும் சிவந்தன. மர்லோ ஒரு காலில் நின்றபடி இரத்தக் காயத்தோடு பந்தை எறிந்தான்.

மாலினி கதவு நிலையிலிருந்து சொன்னாள், கைபேசிக்குக் கேட்கிற அளவுக்கு:

"நாப்பது வருசம் நான் சமைச்சதைத்தான் தின்னுறார். மஞ்சள் தெரியேல்லை."

"கேட்டியளோ?" என்றார் பத்மநாதன். "அதுதான் விமர்சனம். இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ. புதன்கிழமை இந்தப் பெட்டி சீல் இல்லாமல் என்ரை கைக்கு வந்தது. நான் உடைக்கேல்லை. உடைச்சாச்சு எண்டு மட்டும் சொன்னனான். மிச்சத்தை நீங்கள் நினைக்கட்டும் எண்டு விட்டனான். அது பொய்யை விடக் கேவலம். பொய்யெண்டால் வாயாவது நோகும். இதில மஞ்சள் தண்ணி தெளிச்சது ஐயர், கடைப் பூசைக்கு. அவருக்குத் தன்ரை வேலை தெரியும். பாத்தவனுக்குத் தெரியேல்லை. சாய்ச்சுப் பாக்கேல்லை. ஏனெண்டால் திட்ட அவசரம். சான்ட்விச் எண்டு ஒரு ஆளைச் சொன்னன். அந்த ஆளை நான் கண்டதில்லை. பெயரும் தெரியாது. அந்த ஆள் தன்ரை வேலையைச் சரியாச் செய்திருக்கிறார். என்ரை கையிலதான் சான்ட்விச் இருந்தது."

"அங்கிள்," என்றாள் துஷ்யா மெதுவாக. "இஞ்ச ஆக்கள் கோவமா இருக்கினம். வாசிக்கவா?"

"வாசியும்."

"'கிழவன் மிச்ச ஏழு புள்ளியை மலிவா வாங்கப் பொய் சொல்லுறான்.' 'அசலைப் பழுதாக்கிப்போட்டான், விசரன்.' 'ரஜனி அண்ணையிட்ட மன்னிப்புக் கேள்.' இது நிறையப் பேர்."

"ரஜனி பிரிச்ச பெட்டியை ஒட்டிக் காட்டினவன். அவன் செய்தது பிழை. நான் செய்ததும் அதே பிழை. அவனுக்கு நாப்பது நிமிசம் குடுத்தன். எனக்கும் அவன் குடுக்கட்டும். நான் கேட்டுக்கொண்டிருப்பன்."

"ஐயாயிரம் பேர்தான் இப்ப. பல் டொக்டர் போயிட்டார்."

"அவரிட்டப் பல்லைக் குடுத்தவையளை நினைச்சாத்தான் பாவமாக் கிடக்கு."

ஜெனோஜா சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்தினாள்.

பத்மநாதன் பஞ்சை நனைத்தார். அட்டையின் மேல் மெதுவாக வட்டமாகத் துடைத்தார். சிவப்பு பஞ்சுக்கு வந்தது. வாணிஷ் நல்ல வாணிஷ். ஒன்றையும் உள்ளே விட்டிருக்கவில்லை. தோள் வெள்ளையானது. பிறகு இடுப்பு. பிறகு முழங்கால். மர்லோ அச்சகத்திலிருந்து வந்த அன்றுபோல நின்றான்.

"ஒரு மார்க் போட்டனான்," என்றார். "அது நிக்கேலாது. திரும்பப் பாப்பம்."

லென்ஸை வைத்துக் குனிந்தார். கண்ணுக்கு நீலமும் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிந்தன. ஒன்றின் விளிம்பு மற்றதைத் தாண்டியிருக்க வேண்டும். எங்காவது தாண்டியிருக்கும். கண்ணிமையைப் பார்த்தார். தொப்பியின் எழுத்தைப் பார்த்தார். பந்தின் தையலைப் பார்த்தார். தையலில்தான் எல்லாரும் பிடிபடுவார்கள். ஒரு நிமிடம் போனது. கைபேசியில் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. துஷ்யா அதைச் சொல்லவில்லை.

"நிறம் ஒண்டோடொண்டு சரியாப் பொருந்தியிருக்கு," என்றார் பத்மநாதன். வாய்க்குள் ஏதோ கசந்ததுபோல அவர் முகம் இருந்தது. "தையல்கூட. மயிரளவும் விலகேல்லை. நல்ல வேலை."

"நல்ல வேலையா?" என்றாள் துஷ்யா.

"அதைத்தானே சொன்னனான்."

"அங்கிள், முந்நூறு பேர் நிக்கினம். நல்ல வேலை எண்டதும் பாதிப் பேர் போயிட்டினம்."

"போகட்டும்."

மாலினி சுண்ணாம்புப் போத்தலை மூடிக்கொண்டு போனாள். ஜெனோஜா போகவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். அவர் லென்ஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அடுத்தது காட்டை வெட்டின வெட்டு," என்றார். "மேல் விளிம்பைப் பாரும். இடமும் வலமும் ஒரே அகலமோ? கண்ணால சொல்லாதையும். அளக்க அடிமட்டத்தை எடும்."